அழைப்பிதழின் பின்பக்கக் கணக்கு

2025 மே மாதம் விருதுநகரில் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், பெயின்ட் கடை வைத்திருக்கிறார். கையிலிருந்த அழைப்பிதழைத் திருப்பினார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், வெள்ளையாக இருந்த பக்கத்தின் நடுவில் ஒரு கோடு கிழித்தார். அதற்கு இரண்டு நாளைக்கு முன்புதான் பிளஸ் டூ ரிசல்ட் வந்திருந்தது. அவர் மகள் நல்ல மார்க்.

"பாப்பா, இவ சைக்காலஜிதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நீ அதானே படிச்ச. மொத்தம் எத்தனை வருஷம்?" என்றார். எனக்கு 38 வயது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். டிகிரி மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, எம்.ஃபில். இரண்டு, ஆக ஏழு என்றேன். கோட்டுக்கு இடப்பக்கம் 7 என்று எழுதினார். செலவைக் கேட்டார். நான் படித்த காலத்துக் கணக்கைச் சொல்லி, இப்போது அதைவிடக் கூடும் என்றேன். அதையும் எழுதினார். கோட்டுக்கு வலப்பக்கம் பேனாவை வைத்துக்கொண்டு, "சரி, முடிச்சதும் மாசம் எவ்வளவு?" என்றார்.

"அது இடத்தப் பொறுத்தது அண்ணே."

"எந்த இடம்?"

நான் ஏதேதோ சொன்னேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சொந்த கிளினிக், ஆன்லைன் என்று சுற்றினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பேனா நகரவே இல்லை. கடைசியில் அழைப்பிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வரவு தெரியாம நான் ஒரு டின் பிரைமர்கூட எடுக்க மாட்டேன் பாப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. 12 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்டியிருக்கிறேன், ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், தந்த பதிவு நம்பர் போட்ட சீல் வைத்திருக்கிறேன். மாதம் எவ்வளவு என்ற கேள்விக்கு ஒரு எண் சொல்ல வரவில்லை. அன்று மாலை மதுரைக்கு பஸ் ஏறியதிலிருந்து அந்த வெற்று வலப்பக்கம் கூடவே வந்தது.

எனது முதல் சம்பளம் 18,000 ரூபாய். 2013. தென் மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனை; பெயர் வேண்டாம். கல்விக்கடன் தவணை போக, பஸ் செலவு போக, ஹாஸ்டல் வாடகை போக, மாசக் கடைசியில் அம்மாவிடம் வாங்கினேன். சம்பளத்தைவிட என் மனதில் நின்றது வேறு ஒன்று. மூன்றாவது மாதம் நிர்வாக அலுவலர் கூப்பிட்டார். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். "மேடம், எக்ஸ்ரே ரூம்ல ஒரு நாளைக்கு 40 பில் விழுது. லேப்ல அதுக்கு மேல. உங்க ரூம்ல எத்தனை?" என்றார். நான்கு என்றேன். ஒரு ஆளோடு 45 நிமிடம் இருந்தால் ஒரு நாளில் அதற்கு மேல் முடியாது என்று விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே, "டெஸ்ட்டை ஜாஸ்தி பண்ணுங்களேன்" என்றார். பக்கத்து அறையில் மனநல மருத்துவருக்கு வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவரும் பாவம், ஆளுக்கு மூன்று நான்கு நிமிடம்தான் கொடுக்க முடியும். அதில் "பேசணும்" என்று அவருக்குத் தோன்றுகிறவர்களை என்னிடம் அனுப்புவார். அவர்களில் பாதிப் பேர் என் அறைக்கு வராமலே மருந்துக் கடைப் பக்கம் திரும்பிவிடுவார்கள். ஒரு பெண் முதல் நாள் முழுநேரமும் பேசி, அழுது, முகம் துடைத்துக்கொண்டு எழுந்து, கதவருகே போய்த் திரும்பி நின்று கேட்டார்: "கையில ஒண்ணும் குடுக்கலையே மேடம்?"

மாத்திரைச் சீட்டைத்தான் கேட்டார். என்னிடம் சீட்டு இல்லை. அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு செஷன் முடிவிலும் அடுத்த வாரத்துக்குள் செய்ய வேண்டிய இரண்டு மூன்று காரியங்களை ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். காலையில் எழுந்ததும் வாசலில் பத்து நிமிடம் நிற்பது மாதிரியான சின்னக் காரியங்கள். என் ஆசிரியர்கள் இதை ஹோம்வொர்க் என்பார்கள். வந்தவர்கள் அதைச் சீட்டு என்றார்கள். சீட்டு கொடுக்க ஆரம்பித்த பிறகு திரும்பி வருகிறவர்கள் கூடினார்கள். சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் வலித்தது.

ஆள் இல்லை, வேலையும் இல்லை

இந்தத் துறையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஒரு வாக்கியத்தில்தான் ஆரம்பிப்பார்கள்: நாட்டில் மனநல நிபுணர்கள் போதவில்லை. உண்மைதான். 2015-16இல் பெங்களூர் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் உண்டு. சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் அது கிடைக்காதவர்கள் நோய்க்கு நோய் 70 முதல் 92 சதவீதம் வரை என்றது அந்த ஆய்வு. அண்ணனுடைய கடை லாஜிக்படி, சரக்குக்கு இவ்வளவு தட்டுப்பாடு இருந்தால் விலை எகிற வேண்டும். எங்கள் வகுப்பில் ஆறு பேர். இன்று ஒருத்தி பெங்களூரில், ஒருவர் கனடாவில் மறுபடியும் படித்துக்கொண்டு, ஒருத்தி ஐ.டி. கம்பெனியில் எச்.ஆர்., ஒருவர் கல்லூரியில் பாடம் எடுக்கிறார், ஒருத்தி குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டாள். இந்த மாநிலத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது நான் மட்டும்.

தேவை இருந்து என்ன, பணம் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, உடல் நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் நம் ஊர் பாலிசிகள் பெரும்பாலும் படுக்கையில் சேர்த்தால்தான் பணம் தரும். என்னிடம் வருகிறவர் படுக்க வருவதில்லை, நாற்காலியில் உட்கார வருகிறார். அவர் செலவு முழுக்க அவர் பையிலிருந்துதான். அரசு? மாவட்ட மனநலத் திட்டத்தில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு இடம் உண்டு. ஆனால் ஒப்பந்தம், தொகுப்பூதியம். நிரந்தர வேலை என்றால் டிஎன்பிஎஸ்சி எப்போதாவது சிறைத் துறைக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் அறிவிப்பு விடும். அந்த அறிவிப்புக்காக வயது வரம்பை எண்ணிக்கொண்டே காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். மத்திய நிறுவனங்களில் ஏழாவது சம்பளக் கமிஷன்படி 10ஆம் நிலை, தொடக்கமே 56,100, அதற்கு மேல் படிகள். எய்ம்ஸ் மாதிரி இடங்களில் அப்படி எடுக்கிறார்கள். மதுரையிலும்தான் எய்ம்ஸ் வருகிறது. 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். செங்கல் கதையை நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

மிச்சம் இருப்பது தனியார். நான் பார்த்தவரை, மதுரை, நெல்லை மாதிரி ஊர்களில் புதிதாக வருகிற பிள்ளைக்கு இன்றும் 20,000 முதல் 25,000தான் பேசுகிறார்கள். சென்னையில் 30,000, 40,000 என்பார்கள். வீட்டு வாடகையைக் கழித்தால் இரண்டும் ஒன்றுதான். பெரிய மருத்துவமனைகள் சில இப்போது சம்பளமே பேசுவதில்லை, பங்கு பேசுகின்றன. நோயாளி கட்டுவதில் உனக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு. நோயாளி வராத நாள் உனக்கும் வரவு இல்லை. கொஞ்சம் நிமிர்ந்து சம்பாதிக்கிறவர்கள் ஆன்லைனுக்குப் போனவர்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிற நம் ஆட்கள் துக்கத்தைத் தமிழில் சொல்ல ஆள் தேடுகிறார்கள். ஒரு செஷனுக்கு 1,500, 2,000 தருவதற்கு அவர்களுக்குக் கை கூசுவதில்லை. பெங்களூர்த் தோழி இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வேலையை ஆரம்பிக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு அந்த நேரத்தில் அவள் இல்லை.

போட்டி வேறு இருக்கிறது. மூன்று மாத சர்டிஃபிகேட் வாங்கிய லைஃப் கோச்சுகள், ஹிப்னோ ஆட்கள், பேனரில் கைகட்டி நிற்பவர்கள். பதிவில்லாமல் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று தொழில் செய்வது 1992ஆம் ஆண்டு ஆர்.சி.ஐ. சட்டப்படி குற்றம். ஓராண்டு வரை சிறை, இல்லாவிட்டால் 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த 1,000 ரூபாயை முதன்முதலில் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். நான் ஒரு ஐ.க்யூ. ரிப்போர்ட்டுக்கு வாங்குவதே அதைவிட அதிகம்.

நோட்டைக் கூட்டிய நாள்

ஜூன் முதல் வாரம் அண்ணன் மகள் மதுரைக்கு வந்தாள். கல்லூரி அட்மிஷனுக்குக் காத்திருந்த நாட்கள். "அத்தை, நாலு நாள் உங்ககூட இருந்து பாக்குறேன்" என்றாள். உள்ளே யாரையும் பார்க்க விட முடியாது, முன்னறையில் என்னிடம் வேலை பார்க்கும் அக்காவோடு உட்கார்ந்துகொள் என்றேன். அவள் முதல் நாளே சலித்துப்போய், செய்ய ஏதாவது வேலை கொடுங்கள் என்றாள். எனக்கு வேப்பமரத்தடி ஞாபகம் வந்தது. அலமாரியிலிருந்து போன நிதியாண்டின் அப்பாயின்ட்மென்ட் நோட்டு இரண்டையும் எடுத்தேன். பெயர்கள் அவள் கண்ணில் படாமல் நான் மடியில் வைத்துக்கொண்டு வாசிக்க, அவள் போனில் கூட்டினாள். வருமான வரிக்காக ஆடிட்டர் போடுகிற மொத்தத் தொகை எனக்குத் தெரியும். எது எதிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

டெஸ்ட் 214. பேச்சு, அதாவது தெரபி செஷன், 702. டெஸ்ட்டில் வந்தது 5,35,000. செஷனில் வந்தது 2,45,000. வாடகை, அக்கா சம்பளம், கரன்ட், டெஸ்ட் படிவங்கள் எல்லாம் சேர்த்து 3 லட்சம் போனது. மீதி 4,80,000. மாதம் 40,000. அழைப்பிதழின் வலப்பக்கத்தில் அண்ணன் எழுத வேண்டியிருந்த எண் இதுதான், ஆறுமாதப் பயிற்சிக்காரிக்கு அல்ல, 12 வருட அனுபவத்துக்கு.

எண் சின்னதா பெரியதா என்பதைவிட, அது இரண்டாகப் பிளந்திருந்த விதம்தான் என்னை உட்கார வைத்தது. வருகிற நூறு ரூபாயில் ஏறக்குறைய 69 ரூபாய் டெஸ்ட்டிலிருந்து. ஆனால் என் நேரத்தில் ஏறக்குறைய பாதி பேச்சில் போகிறது. ஏழு வருடம் நான் படித்தது முக்கியமாக எதற்கு, மனிதர்களோடு முறையாகப் பேசத்தான். அதற்கு 31 ரூபாய்.

டெஸ்ட் என்றால் என்ன என்று இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் குழந்தைகள். பினே-காமத் என்ற ஐ.க்யூ. டெஸ்ட் எடுக்கிறோம். 1930களில் காமத் என்பவர் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காகத் தழுவியது, நாம் இன்னும் அதை வைத்தே ஓட்டுகிறோம். சின்னப் பிள்ளைகளுக்குச் செகுவின் பலகை: பத்து மரக்கட்டைகள், பத்துக் குழிகள், எவ்வளவு வேகமாகப் பொருத்துகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்ப்போம். அம்மாவிடம் உட்கார்ந்து வைன்லேண்ட் கேள்விகள்: தானாகச் சாப்பிடுவானா, பொத்தான் போடுவானா, தனியாகக் கடைக்குப் போவானா. அப்புறம் ரிப்போர்ட் எழுத வேண்டும். எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரம் ஆகும். இது வீண் வேலை என்று சொல்ல வரவில்லை. அந்த எண் இல்லாமல் மாற்றுத்திறனாளிச் சான்று இல்லை. சான்று இல்லாமல் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாமல் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு அரசு தருகிற மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை இல்லை. நவம்பர் பிறந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள். கற்றல் குறைபாட்டுச் சான்று இருந்தால் பரீட்சையில் சொல்வதை எழுத ஆள், கூடுதல் நேரம், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு. ஒரு காகிதம் ஒரு குடும்பத்துக்கு என்னவெல்லாம் செய்கிறது என்று பார்க்கிறவள் நான். அதனால்தான் 2,500 ரூபாயை எண்ணி வைக்கும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. போட்ட காசு இரண்டே மாதத்தில் திரும்பிவிடும், என் அண்ணனே ஒத்துக்கொள்வார்.

அதே அம்மாதான், மகனுக்குச் சான்று கிடைத்த பிறகு, தனக்கு ராத்திரியில் நெஞ்சு அடைக்கிறது, கிணற்றுப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது என்று வருவார். வாரம் ஒருமுறை வாங்க என்பேன். "சும்மா பேசிட்டுப் போறதுதானே மேடம்" என்று 100 ரூபாய்த் தாள் ஒன்றை மேசை ஓரத்தில் வைப்பார். நானும் எடுத்துக்கொள்வேன். சில நாள் அதுவும் வேண்டாம் என்பேன். இது ஒருத்தர் கதையல்ல. ஆளும் அடையாளமும் மாறி மாறி வருஷத்துக்குப் பத்து முறை நடக்கிறது.

நோட்டை வாசிக்கும்போது சில வரிகளில் சின்ன வட்டம் போட்டிருந்தது. "வட்டம்னா என்ன அத்தை?" என்றாள். காசு வாங்கவில்லை என்று அர்த்தம் என்றேன். எண்ணினாள். 38. கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா கடனுக்குப் பெயின்ட் குடுத்தாக்கூட நோட்டுல விலையப் போட்டுத்தான் எழுதுவாரு. கோயிலுக்குச் சும்மா குடுப்பாருல்ல, அதுக்கும் இத்தனை லிட்டர், இத்தனை ரூபான்னு எழுதி, பக்கத்துல தர்மம்னு போடுவாரு. நீங்க வட்டம் மட்டும் போட்டிருக்கீங்க. இதுக்கு என்ன விலைன்னே இல்லையே."

நான் எழுந்து முன்னறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தேன். என் கிளினிக்கில் ஒரு கட்டணப் பலகை இருக்கிறது. நானே எழுதிக் கொடுத்துச் செய்தது. ஐ.க்யூ. மதிப்பீடு இவ்வளவு, கற்றல் குறைபாடு இவ்வளவு, ஆட்டிசம் மதிப்பீடு இவ்வளவு. நான்கைந்து வரி. தெரபி என்று ஒரு வரி இல்லை. எட்டு வருடமாக அந்தப் பலகைக்குக் கீழேதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறேன். காப்பீட்டுக்காரனையும் அரசாங்கத்தையும் நிர்வாக அலுவலரையும் இத்தனை வருடம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன், பேச்சுக்கு மதிப்பில்லை என்கிறார்களே என்று. யாராவது எவ்வளவு மேடம் என்று கேட்டால் நான் சொல்லி வந்த பதில், "பார்த்துக் குடுங்க."

இது கருணையா என்று அன்று ராத்திரி நிறைய யோசித்தேன். கொஞ்சம் கருணை உண்டு. மிச்சம் கூச்சம். ஒருத்தர் உள்ளத்தைத் திறந்து காட்டிய பிறகு பணத்தைப் பற்றிப் பேசினால் அசிங்கம் என்று எனக்கும் ஊறிப்போயிருக்கிறது. நம் ஊரில் ஆறுதல் சொல்ல அத்தை இருக்கிறாள், திண்ணை இருக்கிறது, கோயில் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் கட்டணம் கிடையாது. நான் செய்வது அந்த ஆறுதல் இல்லை, இதற்கு முறை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, தவறாகச் செய்தால் ஆளுக்கு ஆபத்து இருக்கிறது என்று மேடைகளில் பேசியிருக்கிறேன். என் சொந்தச் சுவரில் அதை எழுதவில்லை.

அதற்குள் ஊர் மாறிக்கொண்டிருந்தது

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன மாணவியின் மரணம் தொடர்பான வழக்கு. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதியுள்ள கவுன்சிலரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. செய்தியைப் பார்த்ததும் அண்ணன் மகளுக்கு அனுப்பினேன், ஹார்ட் போட்டாள். எத்தனை பள்ளிகள், எத்தனை டுடோரியல்கள், அத்தனை வேலைகள் என்று நானும் கணக்குப் போட்டேன். அடுத்த மாதமே ஒரு பள்ளியிலிருந்து போன் வந்தது. "மேடம், உங்க சர்டிஃபிகேட் காப்பியும் ஆர்.சி.ஐ. நம்பரும் அனுப்புங்க. மாசம் 5,000 போட்டுடறோம். டெய்லி வரணும்னு இல்ல, இன்ஸ்பெக்‌ஷன் அப்ப வந்தாப் போதும்." இங்கேயும் காகிதம்தான் வேண்டியிருக்கிறது. மாட்டேன் என்றேன். எங்கேயோ ஒருத்தர் சரி என்றிருப்பார், அவரையும் என்னால் திட்ட முடியவில்லை. 18,000 வாங்கிய காலத்தில் அந்த 5,000 எனக்கு என்னவாக இருந்திருக்கும் என்று தெரியும்.

அதே ஆகஸ்டில் யுஜிசி இன்னொன்று சொன்னது. தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் இனி சைக்காலஜி கூடாது. நம் மாநிலத்தில் தபால் வழியில் எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்து, பேருக்குப் பின்னால் போட்டுக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் நல்ல ஆசிரியர்கள், நல்ல செவிலியர்கள் இருக்கிறார்கள். ஆனால் நோயாளியைத் தொடாமல் இந்தப் படிப்பு முடியக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கள் எம்.ஃபில்லும் போகிறது. எம்.ஃபில். பட்டத்தையே 2022இல் நிறுத்திய யுஜிசி, கிளினிக்கல் சைக்காலஜிக்கு 2025-26 வரை தவணை கொடுத்தது. அதற்குப் பதிலாக எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி, சை.டி. எனப்படும் உளவியல் முனைவர் பட்டம் என்று புதுப் பாதைகளை ஆர்.சி.ஐ. கொண்டுவந்திருக்கிறது. நான் வேப்பமரத்தடியில் விரல் விட்டு எண்ணிய ஏழு வருடம் அண்ணன் மகளுக்குப் பொருந்தவே பொருந்தாது. அவள் பட்டம் முடிக்கும்போது என்ன பெயரில் எந்தப் படிப்பு இருக்குமோ, அதைத்தான் அவள் படிப்பாள். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான், சொன்னேன்: எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், அந்தப் பாடத்துக்கு ஆர்.சி.ஐ. அனுமதி இருக்கிறதா என்று அவர்கள் வெப்சைட்டிலேயே பார்த்துவிட்டுப் பணம் கட்டு. கல்லூரிக்காரர் வாயால் சொல்வதை நம்பாதே.

அரசும் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 14416 என்ற எண்ணில் 2022 அக்டோபரிலிருந்து இலவச மனநல ஆலோசனை ஓடுகிறது. நம் மாநிலத்தில் அதற்கு நட்புடன் உங்களோடு என்று பெயர். நீட் ரிசல்ட் வரும் காலத்தில் பரீட்சை எழுதிய பிள்ளைகளை இங்கிருந்தே கூப்பிட்டுப் பேசுகிறார்கள். நல்ல காரியம், என்னிடம் வர முடியாதவர்களுக்கு நானே அந்த எண்ணைக் கொடுக்கிறேன். அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன சம்பளம், அடுத்த வருடம் ஒப்பந்தம் நீளுமா என்று இப்போதெல்லாம் கூடவே ஒரு நினைப்பு ஓடுகிறது. அண்ணன் என் தலைக்குள் கடை போட்டுவிட்டார்.

அவருக்கு அந்த 40,000 கணக்கை முழுசாக வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பிளவு உட்பட. ரொம்ப நேரம் பதில் இல்லை. ராத்திரி வாய்ஸ் மெசேஜ் வந்தது. "பன்னெண்டு வருஷத்துக்கா பாப்பா?" அவ்வளவுதான், பின்னால் ஷட்டர் இழுக்கும் சத்தம். இருந்தாலும் மகளைக் கோயம்புத்தூரில் பி.எஸ்சி. சைக்காலஜியில் சேர்த்துவிட்டார். ஒரே நிபந்தனை, கூடவே பேங்க் எக்ஸாமுக்கும் படிக்க வேண்டும். அவள் தலையாட்டியிருக்கிறாள். படிக்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

பலகையை ஆகஸ்டில் மாற்றினேன். கீழே ஒரு வரி கூடியிருக்கிறது: தெரபி, 45 நிமிடம், 700 ரூபாய். அதற்கும் கீழே சின்ன எழுத்தில், முழுக் கட்டணம் தர இயலாதவர்கள் தயங்காமல் சொல்லலாம் என்று. 700 என்ற எண்ணைப் போட எனக்கு மூன்று வாரம் ஆனது; 500 என்று எழுதி, அடித்து, 600 என்று எழுதி, அடித்து. முன்னறை அக்கா முதல் நாள் பலகையைப் பார்த்துவிட்டு, "இனிமே வருவாங்களா மேடம்?" என்றார். இரண்டு பேர் வரவில்லை. அதில் ஒருவரை நானே போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பல மாதமாக 100 ரூபாய் வைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு உள்ளே வந்து, "இம்புட்டா வாங்குவ? சொல்லவே இல்லையே" என்று என்னைக் கோபித்துக்கொண்டார். அன்றைக்கு 200 வைத்தார். நோட்டில் 700 என்று எழுதி, வரவு 200 என்று போட்டு, மிச்சத்துக்கு நேரே தர்மம் என்று எழுதினேன். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது.

அக்டோபரில் ஒரு இளைஞர், மென்பொருள் வேலை, நான்காவது செஷன் முடிந்து பணம் கட்டிவிட்டு ரசீது கேட்டார். அவர் கம்பெனியில் மனநலச் செலவுக்கு ஏதோ ஒரு தொகை திருப்பித் தருகிறார்களாம். என் ரசீதுப் புத்தகத்தில் எல்லாத் தாளிலும் "மதிப்பீட்டுக் கட்டணம்" என்றே அச்சிட்டிருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே எழுதிக் கொடுத்தேன். அடித்தல் திருத்தல் இருந்தால் கம்பெனியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அடுத்த வாரமே திருப்பிக் கொண்டுவந்தார். சனிக்கிழமை டவுன்ஹால் ரோடு பக்கம் இருக்கும் அச்சகத்துக்குப் போய், பழைய புத்தகத்தைக் காட்டி, இதே மாதிரி ஐந்து புத்தகம், ஆனால் இந்த இடத்தில் வார்த்தையை மாற்ற வேண்டும் என்றேன். அச்சகக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, "என்ன போடணும், சொல்லுங்க" என்றார்.